சீயக்காய் முதல் சடை வரை: வீட்டில் எதைச் செய்யலாம், எதை விடலாம்

விடுதியில் தங்கிப் படிக்கும் உங்கள் மகளுக்கு முடி கொத்துக் கொத்தாக உதிர்கிறது, நெற்றியில் பரு கிளம்பியிருக்கிறது, அழகு நிலையத்துக்குப் போய்ப் பணத்தைக் கொட்ட விருப்பமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டுப் பொருள்களை வைத்தே பார்த்துக்கொள்ள முடியுமா, எலுமிச்சை, சமையல் சோடா, வெங்காயச் சாறு என்று ஆளாளுக்குச் சொல்வதை நம்பலாமா, காலையில் அவளே சீக்கிரம் போட்டுக்கொள்ள என்னென்ன பின்னல்கள் இருக்கின்றன, உங்கள் நரைக்கு என்ன செய்யலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

அழகுக்கலை கற்றுக்கொடுப்பவள் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுப் பொருள்கள் அழுக்கை எடுக்கும், முடிக்கு வழவழப்புக் கொடுக்கும், உராய்வைக் குறைக்கும். இந்த வேலைகளை அவை நன்றாகவே செய்யும். முடியை வளர்க்கவோ, தோல் நிறத்தை மாற்றவோ, பருவை ஒரே இரவில் போக்கவோ அவற்றால் முடியாது. உங்கள் மகளைப் பொறுத்தவரை, தலையில் எதைத் தடவுகிறாள் என்பதைவிட எப்படி வாருகிறாள், எவ்வளவு இறுக்கிக் கட்டுகிறாள் என்பதைக் கவனித்தால் பலன் அதிகம்.

உதிர்ந்த முடியை ஒருமுறை வெள்ளைத் தாளில் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முனையில் குண்டூசித் தலையைவிடச் சிறிய வெள்ளை முடிச்சு இருந்தால் அது வேரோடு உதிர்ந்த முடி. இரண்டு முனையிலும் ஒன்றுமில்லாமல் துண்டு துண்டாக இருந்தால் அது நடுவில் ஒடிந்தது. இரண்டுக்கும் காரணம் வேறு, கவனிக்க வேண்டிய இடமும் வேறு. விடுதியின் உப்புத் தண்ணீரைத்தான் எல்லோரும் குற்றம் சொல்வார்கள். அது முடியைச் சொரசொரப்பாக்கும், சிக்கு விழவைக்கும், ஒடியவைக்கும். வேரிலிருந்து பிடுங்காது. குளித்து முடித்ததும் ஒரு செம்பு நல்ல தண்ணீரைக் கடைசியாகத் தலையில் ஊற்றிக்கொண்டாலே நுனிகளில் வித்தியாசம் தெரியும்.

வேரோடு உதிர்வது நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை இயல்புதான். வாரம் ஒருமுறை மட்டும் தலை குளிக்கும் பெண்ணுக்கு, அத்தனை நாளும் தளர்ந்து நின்ற முடி எல்லாம் அன்றைக்கு ஒரே சுருட்டாகக் கையோடு வரும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. வகிடு அகலமாகிறது, சடை மெலிகிறது என்றால் மட்டும், இரண்டு மூன்று மாதத்துக்கு முன் என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். டெங்கு போன்ற கடும் காய்ச்சல், திடீரென்று சாப்பாட்டைக் குறைத்தது, பெரிய மனக்கவலை ஆகியவற்றின் விளைவு அந்த இடைவெளி விட்டுத்தான் தலையில் தெரியும். வீட்டை விட்டு விடுதிக்குப் போன பெண்கள் பலர் சரியாகச் சாப்பிடுவதில்லை. மாதவிலக்கில் அதிகம் போகும் பெண்ணாக இருந்தால் ரத்தத்தில் ஹீமோகுளோபினோடு இரும்புச் சத்தின் இருப்பையும், கூடவே தைராய்டையும் சோதித்துவிடுங்கள். அந்தக் குறையை எந்த எண்ணெயும் ஈடுகட்டாது.

இனி எண்ணெய். தேங்காய் எண்ணெய் பற்றி நம் வீடுகளில் சொல்லிவந்ததில் ஒரு பாதிக்கு ஆய்வுச் சான்றே இருக்கிறது. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், முடியிலிருந்து புரதம் கரைந்து போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதிலுள்ள லாரிக் அமிலம் முடியிழைக்குள் ஊடுருவும் அளவுக்குச் சிறியது என்பதே காரணம். குளிப்பதற்கு முன் பூசுவது ஏன் நல்லது என்பதும் இதிலிருந்து விளங்கும்: நனையும்போது முடி ஊதுகிறது, காயும்போது சுருங்குகிறது, எண்ணெய் அந்த ஊதலைக் குறைக்கிறது.

ஆனால் எண்ணெய் வேண்டியிருப்பது நுனிக்கு. முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்கிறது. 60 செ.மீ. நீளமுள்ள சடையின் நுனி ஐந்து ஆண்டு வெயிலையும் சீப்பையும் பார்த்தது. உச்சந்தலையில் சூடு பறக்கத் தேய்த்துவிட்டு நுனியை விட்டுவிடுகிறோம். 2 டீஸ்பூன் எண்ணெயை உள்ளங்கையில் பரப்பி, காதுக்குக் கீழிருந்து நுனி வரை தடவி, அரை மணி நேரம் கழித்து அலசினால் போதும். தலையில் பொடுகு இருந்தால் உச்சியில் எண்ணெயே வேண்டாம். பொடுகோடு தொடர்புடைய மலசீசியா என்ற பூஞ்சை, தலையின் எண்ணெய்ப் பசையைத் தின்றுதான் வாழ்கிறது. இரவெல்லாம் எண்ணெயை ஊறவிடுவது அதற்கு விருந்து வைப்பதற்குச் சமம். கீட்டோகோனசோல் 2% ஷாம்புவை வாரம் இருமுறை, நுரையை ஐந்து நிமிடம் விட்டு அலசி, ஒரு மாதம் பார்க்கட்டும். எலுமிச்சையைத் தலையில் தேய்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். நெற்றிப் பருவுக்கும் இந்த எண்ணெயைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். படிய எண்ணெய் வைத்து வாரும் பெண்களுக்கு முடி தொடங்கும் கோட்டை ஒட்டியே பொடிப்பொடியாகப் பரு வரும். இரண்டு மாதம் உச்சிக்கு எண்ணெய் வைக்காமல் பார்த்தால் தெரிந்துவிடும்.

தலைக்குத் தேய்த்துக் குளிக்கச் சீயக்காய், அரப்பு, பூந்திக்கொட்டை எல்லாமே நல்லவை. மூன்றிலும் சபோனின் என்ற நுரைப்பொருள் இருக்கிறது. சீயக்காய்ப் பொடி வீட்டில் அரைப்பதென்றால் 1 கிலோ சீயக்காய்க்கு 250 கிராம் பச்சைப்பயறு, 100 கிராம் வெந்தயம், கைப்பிடி உலர்ந்த செம்பருத்தி இலை, கொஞ்சம் பூலாங்கிழங்கு என்று போட்டு நன்றாக வெயிலில் காயவைத்து அரைவை மில்லில் கொடுங்கள். மிளகாய் அரைத்த இயந்திரத்தில் போட்டுவிடாதபடி பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது. அரைத்த பொடியை மெல்லிய துணியில் சலித்துவிடுங்கள். கப்பி நின்றால் தலைத்தோலைக் கீறும்.

அதைவிட எனக்குப் பிடித்தது அரப்பு. மதுரைப் பக்கமும் கொங்கு நாட்டிலும் உசிலை இலையைக் காயவைத்துப் பொடித்த அரப்புத்தூள் சந்தையிலேயே கிடைக்கும். சோறு வடித்த கஞ்சி ஆறி இளஞ்சூடாக இருக்கும்போது, ஒரு டம்ளருக்கு 3 மேஜைக்கரண்டி தூளைப் போட்டுக் கட்டியில்லாமல் கரைத்து, பத்து நிமிடம் விட்டால் தோசை மாவுப் பதத்துக்கு வரும். கஞ்சியின் மாவுச்சத்து முடியின்மேல் மெல்லிய பூச்சாகப் படிவதால் சீப்பு தடங்கலின்றி ஓடும். நல்லெண்ணெய் தேய்த்த தலைக்குக்கூட இது போதும். கண்ணில் பட்டால் அரப்பு சீயக்காய் அளவுக்குக் காந்துவதில்லை. அலசுவதற்குத் தண்ணீர் மட்டும் தாராளமாக வேண்டும். விடுதிக் குளியலறையில் இதற்கு நேரமும் தண்ணீரும் இருக்காது. அங்கே சாதாரண ஷாம்புவே போதும், அதில் குற்றமொன்றுமில்லை. அரப்பை விடுமுறைக்கு வரும்போது வைத்துக்கொள்ளுங்கள்.

வழவழப்புக்குச் செம்பருத்தி இலைத் தாளிக்கு, அதாவது இலையைக் கசக்கி எடுக்கும் கொழகொழப்பான சாற்றுக்கு, ஈடு எனக்குத் தெரிந்து இல்லை. ஐந்து இதழ் ஒற்றைச் செம்பருத்தியின் இலையாகப் பார்த்து இரண்டு கைப்பிடி பறித்து, தண்ணீரில் போட்டுக் கையாலேயே கசக்கினால் ஐந்து நிமிடத்தில் விரலிடுக்கில் கொழகொழவென்று இழுபடும். அதைத் துணியில் பிழிந்து, குளித்த தலைமுடியில் கண்டிஷனர்போலப் பூசி, ஐந்து நிமிடத்தில் அலசிவிடலாம். வெந்தயமும் இதே வேலையைச் செய்யும்: 2 மேஜைக்கரண்டியை இரவு ஊறவைத்து, காலையில் அரைத்து, கட்டாயம் வடிகட்ட வேண்டும். வடிகட்டாமல் பூசினால் அதன் தோல் முடியில் ஒட்டிக் காய்ந்து பொடுகுபோல் உதிரும், நாள் முழுவதும் தட்டிக்கொண்டிருக்க நேரும். இப்படித் தண்ணீர் சேர்த்து அரைத்த எதையும் டப்பாவில் அடைத்து விடுதிக்குக் கொடுத்தனுப்பாதீர்கள். கெடாமல் காக்கும் மருந்து எதுவும் இல்லாததால் ஒரு நாளிலேயே கிருமி வளரத் தொடங்கும். உலர்ந்த பொடி மட்டும் கொடுங்கள்.

வெங்காயச் சாறு பற்றி நீங்கள் கேள்விப்பட்டதற்கு ஓர் அடிப்படை இருக்கிறது. வட்டமாக முடி கொட்டும் புழுவெட்டுக்குச் சின்ன வெங்காயத்தைத் தேய்ப்பது நம் ஊர் வழக்கம். 2002-இல் பாக்தாத் மருத்துவர்கள் வெளியிட்ட சிறிய ஆய்வொன்றிலும், புழுவெட்டு உள்ளவர்களுக்கு வெங்காயச் சாறு பூசியதில் பலருக்கு முடி முளைத்தது. அது புழுவெட்டுக்கு மட்டும் பார்த்தது, அதுவும் மிகச் சிலரிடம். பொதுவான முடி உதிர்வுக்கு அதைச் சான்றாகக் காட்டி எண்ணெய் விற்பவர்களை நம்பாதீர்கள்.

உங்கள் நரைக்கு மருதாணி நல்ல வழிதான். ஆனால் தனி மருதாணி நரைமுடியில் செம்பட்டை நிறத்தைத்தான் தரும். கருமை வேண்டுமென்றால் இரண்டு நாள் வேலை. முதல் நாள் மருதாணித்தூளை இளஞ்சூட்டு நீரும் கொஞ்சம் எலுமிச்சைச் சாறும் விட்டுக் குழைத்து, ஆறேழு மணி நேரம் மூடி வைத்து, பிறகு பூசி இரண்டு மூன்று மணி நேரம் விட்டு வெறும் தண்ணீரில் அலசுங்கள். மறுநாள் அவுரி இலைத்தூளைச் சாதாரண நீரில் குழைத்துப் பூசுங்கள். அவுரி மருதாணிக்கு நேர்மாறு. ஊறவைக்கக் கூடாது, குழைத்த கால் மணிக்குள் தலைக்கு ஏறிவிட வேண்டும். நேரமாக ஆக அதன் சாயம் வீணாகும். அவுரி பூசிய அன்று பச்சை கலந்த நிறமாகத் தெரிந்தாலும் இரண்டு நாளில் கறுத்துவிடும். பூசிய அரை மணியில் முடி கருகருவென்று ஆகிவிடும் ‘கறுப்பு மருதாணி’ எதையும் வாங்காதீர்கள். அவற்றில் பெரும்பாலும் பாரா பினைலின் டைஅமின் என்ற ரசாயனச் சாயம் இருக்கும், ஒவ்வாமை வந்தால் முகமே வீங்கிவிடும். எந்தச் சாயமானாலும் முதல் முறை முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு வைத்து இரண்டு நாள் பாருங்கள்.

முகத்துக்கு எலுமிச்சை வேண்டவே வேண்டாம். அதன் சாறு தோலின் இயல்பான அமிலத்தன்மையைவிடப் பல நூறு மடங்கு கடுமையானது. பூசிய முகத்தோடு வெயிலில் போனால் தோல் வெந்து, அந்த இடம் மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கும். சமையல் சோடா எதிர்ப்பக்கத்துக் கேடு. அதன் காரம் தோலின் மேற்காப்பைக் கரைத்து எரிச்சலில் விட்டுவிடும். பற்பசையைப் பருவில் வைப்பதும் அப்படித்தான். சர்க்கரை, காப்பித்தூள் என்று தேய்க்கும் பழக்கம் பரு உள்ள முகத்தில் சீழைப் பரப்பும்.

நலங்கு மாவு நல்லது, சோப்புக்கு மாற்றாக. பச்சைப்பயறு அரைக் கிலோ, ஆவாரம்பூ, ரோஜா இதழ், பூலாங்கிழங்கு வகைக்கு 50 கிராம், வாசத்துக்கு வெட்டிவேர் 25 கிராம். இந்த அளவில் அரைத்து வஸ்திரகாயம் செய்துவிட்டால், அதாவது மெல்லிய துணியில் சலித்துவிட்டால், மாதக்கணக்கில் இருக்கும். நாட்டு மருந்துக் கடையில் கொடுக்கும் பட்டியலில் கார்போகரிசி இருக்கும், அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். அதிலுள்ள சோராலென் என்ற பொருள் தோலை வெயிலுக்குக் கூச்சப்பட வைக்கும். வெண்புள்ளிக்கு மருத்துவர் கண்காணிப்பில் அதைப் பயன்படுத்துவதே அந்தக் குணத்துக்காகத்தான். தினமும் முகத்தில் பூசிவிட்டு வெயிலில் கல்லூரிக்கு நடக்கும் பெண்ணுக்கு அது எதற்கு? கஸ்தூரி மஞ்சளும் பார்த்து வாங்க வேண்டிய பொருள். உண்மையானது பளிச்சென்ற மஞ்சளாக இருக்காது, வெளிறிய நிறத்தில் கற்பூரம் கலந்த வாசத்தோடு இருக்கும், தோலில் சாயமாக ஒட்டாது. எந்த மாவையும் ‘காய்ந்து இறுகட்டும்’ என்று விடாமல் ஈரம் இருக்கும்போதே கழுவச் சொல்லுங்கள்.

கற்றாழைக்கும் ஒரு பக்குவம் உண்டு. மடலை வெட்டியதும் வெட்டுப் பக்கம் கீழே இருக்கும்படி கால் மணி நேரம் சாய்த்து வையுங்கள். மஞ்சளாக ஒரு கசப்புப் பால் சொட்டும். அரிப்பைக் கொடுப்பது அதுதான். அது வடிந்தபின் தோலைச் சீவி, சோற்றை இரண்டு மூன்று முறை கழுவிவிட்டுப் பூசினால் வெயிலில் எரிந்த முகத்துக்குக் குளுமை. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். வெயிலைத் தடுக்கும் சன்ஸ்கிரீனை மட்டும் வீட்டில் தயாரிக்க வழியே இல்லை. அழகு நிலையத்தில் மிச்சமாகும் பணத்தில் அதை வாங்கிக் கொடுங்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நிறம் கூட்டுவதற்கென்று குங்குமப்பூ, பாலாடை, உருளைக்கிழங்குச் சாறு என்று எதையும் அந்தப் பெண்ணுக்குப் பூசாதீர்கள். பிறந்த நிறத்தை எதுவும் மாற்றாது. பூசப்பூச, தன் நிறத்தில் ஏதோ குறை என்று அவள் நம்பத் தொடங்குவாள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த ‘சிவப்பழகு’ கிரீம்களில் போய்ச் சிக்கும் பெண்கள் பலரும் இங்கிருந்துதான் புறப்படுகிறார்கள். கட்டிபோல் வலிக்கும் பருக்கள், தழும்பு விடும் பருக்கள் என்றால் நேரே தோல் மருத்துவரிடம் போவதுதான் சிக்கனம்.

இனிப் பின்னல். ஈர முடி காய்ந்த முடியைவிடப் பலவீனமானது, இழுத்தால் ரப்பர்போல் நீண்டு அறுந்துவிடும். குளித்ததும் துண்டால் அடித்து உதறாமல், பழைய பருத்தித் துணியால் ஒற்றி, முக்கால்வாசி காய்ந்தபின் அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். மேலிருந்து வாரினால் எல்லாச் சிக்கும் கீழே ஒரே முடிச்சாகத் திரளும். வெறும் ரப்பர் பேண்டும் ஆகாது. துணி சுற்றிய பேண்டாக வாங்கிக் கொடுங்கள்.

காலையில் அவசரத்துக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது நான்கு கால் சடை. பார்க்க அகலமாக, முடி அடர்த்தியாகத் தெரியும், உச்சியில் இழுப்பே இருக்காது. முடியைத் தோளுக்கு முன்னால் ஒருபக்கமாகக் கொண்டுவந்து நான்கு பங்காகப் பிரிக்கட்டும். ஒவ்வொரு பங்கும் ஒரு கால். இடக்கோடியில் உள்ள காலை எடுத்து, அடுத்ததன் மேலே, அதற்கடுத்ததன் கீழே, கடைசியின் மேலே என்று கொண்டுபோய் வலக்கோடியில் விட வேண்டும். இப்போது இடக்கோடிக்கு வந்திருக்கும் காலை எடுத்து அதையே செய்ய வேண்டும். எப்போதும் இடப்பக்கத்திலிருந்தே எடுப்பது, மேல் கீழ் மேல் என்பது, இந்த இரண்டும் மனதில் நின்றால் கை தானாக ஓடும். கூடைப் பின்னலைப்போல் தட்டையாக வரும். முடித்தபின் ஓரங்களை விரல்நுனியால் லேசாக இழுத்துவிட்டால் சடை இன்னும் விரியும். மீன்முள் சடைக்கு இரண்டே பங்கு. ஒரு பங்கின் வெளியோரத்திலிருந்து மெல்லிய கற்றையை எடுத்து மறுபங்கின் உட்பக்கத்தில் சேர்ப்பது, பிறகு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம். பார்வைக்குச் சிக்கலாகத் தெரிந்தாலும் முறை எளிது, ஆனால் நேரம் பிடிக்கும், விசேஷ நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

சுருள் வேண்டுமென்றால் சூட்டுக் கருவி தேவையில்லை. முடியின் வளைவைப் பிடித்து வைத்திருக்கும் பிணைப்புகளில் ஒரு வகை ஈரத்தில் தளர்ந்து, காயும்போது புதிய வடிவத்தில் இறுகும். சிறிதே ஈரமுள்ள முடியை இரவில் நான்கைந்து தளர்ந்த சடைகளாகப் பின்னி, முழுதும் காய்ந்தபின் அவிழ்த்தால் அலையலையாக விழும். சென்னைபோல் காற்றில் ஈரம் மிகுந்த ஊரில் அது மதியத்துக்குள் தொய்ந்துவிடும். அதற்கு ஆளிவிதை ஜெல் இருக்கிறது: 3 மேஜைக்கரண்டி விதையை 2 டம்ளர் நீரில் கிளறிக்கொண்டே காய்ச்சி, முட்டையின் வெள்ளைக்கருபோல் நூலாக ஒழுகும் பதத்தில் இறக்கிச் சூட்டோடு வடிகட்டிவிட வேண்டும். ஆறினால் துணியில் இறங்கவே இறங்காது. பிரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும். பின்னுவதற்கு முன் விரலால் கொஞ்சம் பூசினால் போதும்.

கொண்டை நிற்கவில்லை என்பது எல்லாப் பெண்களும் சொல்லும் குறை. ஊசி குத்தும் முறைதான் காரணம். முடியைக் கயிறாக முறுக்கிச் சுற்றியபின், கொண்டை ஊசியின் முனையை வெளிப்பக்கம் பார்க்கப் பிடித்து, கொண்டையின் விளிம்பில் சிறிது முடியைக் கோத்து, அங்கேயே ஊசியைத் திருப்பி, தலையை ஒட்டிக் கொண்டையின் நடுவை நோக்கித் தள்ள வேண்டும். அப்படிக் குத்தினால் நான்கு ஊசிகள் நாள் முழுவதும் தாங்கும். நெளிவுள்ள சிறிய ஹேர்பின்னில் நெளிந்த பக்கம் தலையைப் பார்த்து இருக்க வேண்டும். மல்லிகைச் சரத்தைக் கொண்டையிலோ சடையின் மேற்புறத்திலோ ஊசியால் பிடிக்கலாம். முன்நெற்றி முடியில் மாட்டித் தொங்கவிட்டால் பாரம் முழுவதும் சில முடிகளின் வேரில் இறங்கும்.

இந்த இழுப்பைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். பள்ளியில் இரட்டைச் சடையை மடித்து ரிப்பனால் இறுக்கிக் கட்டிய பழக்கமும், இப்போது உச்சியில் தூக்கிக் கட்டும் குதிரைவாலும் காதோரத்து முடியை ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. அடுத்த முறை மகள் வரும்போது கன்னப்பொறியிலும் காதுக்கு முன்னும் விரலால் தடவிப் பாருங்கள். முடியடியில் சிறு கொப்புளங்கள், ஒடிந்து நிற்கும் குட்டை முடிகள், கட்டியதும் தலைவலி இருந்தால் இழுப்பு அதிகமாகிவிட்டது என்று பொருள். இந்தக் கட்டத்தில் நிறுத்தினால் முடி திரும்ப முளைக்கும். விட்டால் வேர் செத்து, அந்த இடம் நிரந்தரமாக வழுக்கையாகிவிடும். மூன்று மாதம் குதிரைவால் வேண்டாம், தாழ்வான தளர்ந்த சடை மட்டும், வகிட்டையும் அடிக்கடி இடம் மாற்றி எடுக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் காதோரம் வெறிச்சென்று இருந்தால் தோல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.